துவாரகா கல்யாண வீடியோவும் செத்த லெப்டொப்பும்

ஒக்டோபர் 14, செவ்வாய்

லெப்டொப் எழும்பவில்லை. நேற்றுப் பின்னேரம் இடி விழுந்தபோது சார்ஜர் சுவரில்தான் சொருகியிருந்தது. கேம் விளையாடுகிறவர்களுக்கென்று செய்த மெஷின் இது. கல்யாண வீடியோ வெட்ட வேகம் வேண்டுமென்று வாங்கினேன். ஒரு நாளும் விளையாடியதில்லை. பட்டனைத் தொட்டதும் கீபோர்ட் முழுக்கப் பச்சையும் ஊதாவுமாக எரியும். இன்றைக்கு ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்கள் யூடியூபில். பிடித்தேன். விரல்தான் வலிக்கிறது.

உள்ளே துவாரகாவின் கல்யாணம் இருக்கிறது. ஹல்துமுல்லைப் பிள்ளை. கல்யாணம் முடிந்து இரண்டு கிழமையில், போன சனிக்கிழமை, அவள் அப்பா அழகையா நெஞ்சுவலியில் போய்விட்டார். 26ஆம் தேதி கருமாதி. அன்றைக்கு வீடியோவைப் போட்டு அப்பாவைப் பார்க்க வேண்டுமாம். சரியென்று வேறு சொல்லிவிட்டேன்.

ஒக்டோபர் 15, புதன்

படம் பிடித்தது காமில் நானா. பண்டாரவளையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கேமரா கார்டில் எல்லாம் இருக்கும்தானே என்று போனில் கேட்டேன்.

"அழிச்சிட்டேனே தங்கச்சி. அடுத்த கல்யாணத்துக்கு கார்ட் வேணுமே. ஒங்ககிட்டதான் இருக்கேன்னு நெனச்சேன்."

நெனச்சாராம்! அவர்கிட்ட இருக்குன்னு நான் நெனச்சேன். ரெண்டு பேரும் நெனச்சே நாசமாப் போனோம்.

ஒக்டோபர் 16, வியாழன்

பின்பக்கத்தைத் திறந்தேன். பெட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்து, மறுபடி சொருகி, வயரையும் மாட்டி அழுத்தினேன். விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது! கத்தியே விட்டேன். அம்மா ஓடி வந்தார்.

"என்னடி, கரண்ட் அடிச்சிருச்சா?"

"எனக்கு அடிச்சிருந்தாகூடப் பரவால்லம்மா!"

அந்த ஒரு சுற்றோடு சரி. பிறகு எத்தனை தரம் அழுத்தியும் அசைவில்லை. அதுக்குப் பேசாமலே கிடந்திருக்கலாமே — எதுக்கு அந்த ஆசை காட்டல்?

ஒக்டோபர் 17, வெள்ளி

பண்டாரவளை. தீபாவளிச் சனம், கால் வைக்க இடமில்லை. கடைக்காரர் வேறு சார்ஜர் போட்டுப் பார்த்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார். "மதர்போர்ட் போயிருச்சு மிஸ். கொழும்புக்கு அனுப்பணும், ஒரு மாசமாவது ஆகும்" என்றார். டிஸ்க்கையாவது கழற்றித் தாருங்கள் என்றேன். தந்தார். அதை வாசிக்கிற பெட்டி அவரிடம் இல்லையாம். பதுளையில் இருக்குமாம்.

ஒக்டோபர் 18, சனி

பதுளை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். றிகாஸ் என்பவரின் கடை. டிஸ்க்கைப் பெட்டியில் போட்டுத் தன் கம்பியூட்டரில் சொருகினார். திறந்தது! உள்ளே விண்டோஸ் மட்டும்.

"இதுல வீடியோ ஒண்ணுமே இல்லயே அக்கா. மெஷின்ல ரெண்டு டிஸ்க் இருக்கா?"

இருக்கு. ஐயோ, இருக்கு. மற்றது வீட்டில், கட்டிலுக்குக் கீழே, அந்தச் செத்த மெஷினுக்குள்ளேயே கிடக்கு. எனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை? அந்தப் பண்டாரவளைக் கடைக்காரருக்கு அதைப் பார்க்கக் கண் இல்லையா? வருகிற வழியில் யாராவது பேச்சுக் கொடுத்திருந்தால் கடித்திருப்பேன்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. துவாரகா கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை.

ஒக்டோபர் 22, புதன்

மறுபடியும் பதுளை. மற்ற டிஸ்க்கை நானே கழற்றிக் கொண்டுபோனேன். எல்லாம் இருக்கிறது. "மெஷின் முடிஞ்சிருச்சு அக்கா. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல்ல" என்றார் றிகாஸ். கடை வாசலில் நின்று அழுதேன், சனம் பார்க்கப் பார்க்க.

ஒக்டோபர் 24, வெள்ளி

காமில் நானாவின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வேலை. டீ கொண்டுவந்து வைத்தார்.

நான் ஏற்கெனவே வெட்டிக் கோத்திருந்ததை ஓட விட்டால் அழகையாவைக் காணோம்! தாலி கட்டும்போது ஒரு தோள் தெரிகிறது, அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை பாடு? வேண்டாமென்று வெட்டி ஒதுக்கியவற்றைத் திறந்தேன். அங்கேதான் இருந்தார். சோற்று வாளியோடு குறுக்கே வந்து, கேமராவைக் கையால் மறைத்து, "என்னய ஏன் தம்பி புடிக்கிறீங்க, பொண்ணப் புடிங்க" என்கிறார். திரும்பத் திரும்ப அதே கை, அதே பேச்சு.

எல்லாவற்றையும் எடுத்து ஒன்றாகக் கோத்தேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

ஹல்துமுல்லை. படையல் முடிந்ததும் அவர்கள் வீட்டு டிவியில் போட்டேன். முதல் தரம் அழகையா கேமராவைக் கையால் மறைத்தபோது யாரோ சிரித்தார்கள். அடுத்த தரம் துவாரகாவே சிரித்துவிட்டாள். அவள் அம்மா வடிவம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்புடித்தான். ஒரு போட்டோவுக்கு நின்னதில்ல" என்றார். என் பக்கம் திரும்பி, "இன்னொருக்கா போடு தாயி."

போட்டேன். கேட்கக் கேட்கப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி பஸ் போய்விட்டது.