ஒரு கார்டுலெஸ் போதும் அண்ணா

பழவேற்காடு
வியாழக்கிழமை

அன்புள்ள ஜெகா அண்ணாவுக்கு,

தங்கை ஜமுனா எழுதுகிறேன். அங்கே வெயில் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லாரும் நலம் என்றுதான் கடிதத்தில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

நேற்றுக் காலையில் எழுந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது, மூன்றாவது கார்டுலெஸ் போனைச் சார்ஜுக்கு வைக்கிற குழி காலியாக இருந்ததுதான். அடுப்பு மேடையில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் குழியின் சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நைனா ஏரிக்குப் போய்விட்டிருந்தார். போன் எங்கே போயிருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ மூன்று கார்டுலெஸ் செட்டின் படத்தை அனுப்பி, "எது வேணும்னு ஜமுனாவே சொல்லட்டும், ஊருக்கு வர்றவங்க கிட்ட குடுத்து அனுப்பறேன்" என்று சொன்னாய் இல்லையா? அன்றிலிருந்து இந்த வீட்டில் நிம்மதி போய்விட்டது. ஒரு போன் உள்ள செட், இரண்டு உள்ளது, மூன்று உள்ளது. இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று நீ நினைத்திருப்பாய். என்னைத் தவிர எல்லாரும் தேர்ந்தெடுக்கிறார்கள். போனில் இதைச் சொல்லலாம் என்றால் ஏன் முடியாது என்று படித்தால் உனக்கே புரியும். செல்லில் எழுதி அனுப்பினால் கலைவாணி சித்தி எடுத்துப் படித்துவிடுகிறாள். அதனால்தான் நாளை உன் கம்பெனிக்கே திரும்பிப் போகிற வடிவேலு அண்ணனிடம் இந்தக் கடிதத்தையும் கருவாட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். கருவாட்டை இரண்டு உறையில் சுற்றியிருக்கிறேன். கடிதத்தில் வாடை வந்தால் மன்னித்துக்கொள்.

அம்மாவுக்குக் கீழே ஒரு போன் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. வீட்டுக்குத் தளம் போட்டதிலிருந்து உள்ளே சிக்னல் கிடையாது. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தூண் கம்பியில் மஞ்சள் பையைத் தொங்கவிட்டு அதற்குள் செல்லைப் போட்டிருக்கிறோம். நீ கூப்பிடுகிறாய் என்று மீன் கழுவிய ஈரக் காலோடு ஓடித்தான் அம்மா படியில் விழுந்தாள். முட்டி இன்னும் மடங்கவில்லை. இப்போது நீ கூப்பிட்டால் அவள் கீழ்ப்படியில் உட்காருகிறாள், நான் மேலே நின்று நீ சொல்வதைக் கத்துகிறேன், அவள் சொல்வதை உனக்குச் சொல்கிறேன். நீ "சாப்டியாம்மா" என்று கேட்பது தெருவுக்கே தெரியும்.

ஆனால் பூபதி சித்தப்பா சும்மா இருப்பாரா? "படகு வாங்கறதுன்னா தண்ணியில எறக்கிப் பாக்காம வாங்குவோமா?" என்று சொல்லி, பஜாரில் முரளி கடைக்கு யாரோ விற்க வந்த பழைய செட் ஒன்றை, ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் மூன்று போன். செட்டின் பெட்டியை மாடிப்படி அறையில் வைத்து, முரளியே வந்து செல்லையும் அதையும் புளூடூத்தில் இணைத்துக் கொடுத்தார். செல்லுக்கு வருகிற அழைப்பு இனிமேல் கீழே இருக்கிற எல்லாப் போனிலும் அடிக்கும், எதை எடுத்தாலும் பேசலாம் என்றார். அம்மா சமையலறையிலேயே உட்கார்ந்து உன்னோடு பேசினாள். ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது உன்னால்தான். அவள் முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகுதான் பங்கு ஆரம்பித்தது. ஒரு போன் நம் சமையலறைக்கு. ஒன்று பக்கத்து வீட்டில் சித்தப்பாவுக்கு. மூன்றாவது யாருக்கு? பின் வீட்டிலிருந்து பொன்னுரங்கம் பெரியப்பா வந்து, "நான் இன்னா உங்க கூடப் பொறக்கலியா?" என்று கேட்டார். மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து பேசி, கடைசியில் அதற்கும் பாடு வைத்துவிட்டார்கள். ஏரியில் இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு என்று முறை வைத்து வலை போடுகிற மாதிரி, மூன்றாவது போன் ஒரு நாள் நைனாவுக்கு, அடுத்த நாள் பெரியப்பாவுக்கு, அதற்கடுத்த நாள் சித்தப்பாவுக்கு. சித்தப்பா வீட்டில்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று சித்தியே கேட்டாள். "அது வேற, மொறை வேற" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை அண்ணா. நிஜமாகவே வரவில்லை.

நேற்று நைனாவின் முறை. முறை தன்னுடையது என்றால் பொருளும் தன்னோடுதானே வர வேண்டும்? மற்றவர்கள் செல்லைக் கட்டுகிற மாதிரியே அந்தக் கார்டுலெஸ்ஸைப் பாலித்தீன் உறையில் போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு ஏரிக்குப் போய்விட்டார். வலையில் நண்டு நிறைய விழுந்திருக்கிறது. கூடை பத்தாது, இன்னும் எடுத்து வரச் சொல்லலாம் என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டைத் தாண்டினால் அது வெறும் கட்டைதான் என்று முரளி சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. வந்ததும் என்னைத்தான் திட்டினார். "அத்தினி வாட்டி அடிச்சேன், ஒருத்தி எடுத்தியா?" அடிக்கவே இல்லை நைனா என்றேன். "அடிக்காத போனை எதுக்குடி வீட்ல வெச்சுகினு கீறீங்க?"

இதுகூடப் பரவாயில்லை. இனி எழுதப்போவதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது.

நம் மூன்று வீட்டு நண்டையும் பொன்னேரி கம்பெனிக்கு விலை பேசுவது நான்தான் என்று உனக்குத் தெரியும். அம்மா விழுந்த பிறகு மாடிக்கு ஓட வேறு ஆள் இல்லாமல் அது என் கையில் வந்தது. நேரில் என்னால் பேச முடியாது. மளிகைக் கடையில்கூட விரலைக் காட்டித்தான் வாங்குகிறேன். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும், அந்தப் பள்ளிக்கூடத்தையும் ஒன்பதாவதோடு விட்டாயிற்று. ஆனால் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் செல்லைக் காதில் வைத்தால் எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிடுகிறது. கம்பெனியில் விலை பேசுகிற குணசுந்தரி அம்மா பெரிய ஆள். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொடுக்கு உடையாத ஆண் நண்டுக்கு வேறு விலை, ஈரச் சாக்கில் உயிரோடு வருகிறதற்கு வேறு விலை என்பேன். அவர் என்னை "ஜமுனாக்கா" என்றுதான் கூப்பிடுவார். நான் நாற்பது வயதுப் பொம்பளை என்று நினைத்திருந்தார் போல. நானும் திருத்தவில்லை.

நேற்று நைனா நண்டோடு வந்த நேரத்தில் குணசுந்தரி அம்மா கூப்பிட்டார். மூன்று போனிலும் மணி அடித்தது. நான் மாடிக்கு ஓடி எடுத்தேன், அம்மாவும் சித்தப்பாவும் கீழே எடுத்தார்கள். பேரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் ஏற்றிக் கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டார். அப்போது நடுவில் சித்தப்பா குரல். "மேடம், வணக்கங்க. பேசறது எங்க அண்ணன் பொண்ணுங்க, கொழந்தை. அதுக்கு இன்னா தெரியும்? நீங்க சொல்ற வெலைக்கே எடுத்துக்கோங்க." அம்மா வேறு, "ஆமாங்க, பதினாறு முடிஞ்சு போன மாசந்தான் பதினேழு" என்று மரியாதையாகச் சேர்த்துச் சொன்னாள்.

குணசுந்தரி அம்மா சிரித்துவிட்டார் அண்ணா. "இத்தினி நாள் கொழந்தை கிட்டயா நான் மல்லுக்கட்டினேன்? இனிமே பெரியவங்க யாராவது பேசுங்க" என்று சொல்லி, பழைய விலையையும் இறக்கிவிட்டார். சித்தப்பா, "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றார். நண்டு அந்த விலைக்கே போய்விட்டது. யாரும் சித்தப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடம் நல்ல மாதிரி, சண்டையே இல்லாமல் பேச்சு முடிந்தது என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இனி நாளைக்கு யார் விலை பேசுவது என்பதற்கும் பாடு வைக்கப் போகிறார்களாம். அந்த முறையில் என் பெயர் இல்லை.

இன்று காலையில், ஓட்டிப் பார்த்தாயிற்று என்று சொல்லிச் சித்தப்பா வீட்டுப் போனையும் வாங்கி, அந்தச் செட்டை மூட்டை கட்டி முரளி கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். கடையில் ஆட்கள் நின்றார்கள், ஆனாலும் வாய் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டேன். ஒரு போன் மட்டும் உள்ள செட் வாங்கினாலும், மாடியில் நான் செல்லில் பேசுவதைக் கீழே அதில் கேட்க முடியுமா என்று. செல்லில் புளூடூத்தை அணைத்துவிட்டால் கீழே எதுவும் அடிக்காது, கேட்கவும் கேட்காது, வேண்டும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று செய்து காட்டினார். கற்றுக்கொண்டேன்.

அதனால் அண்ணா, முதல் படத்தில் இருக்கிறதே, ஒரே போன் உள்ளது, அதை அனுப்பு. அது அம்மாவின் சமையலறையில் இருக்கட்டும். நீ கூப்பிடுகிற நேரத்தில் நான் புளூடூத்தைப் போட்டு வைக்கிறேன். மற்ற நேரத்தில் செல் மாடியிலேயே, மஞ்சள் பையிலேயே இருக்கட்டும். இதை நான் கேட்டதாகச் சொல்லாதே. மற்ற இரண்டும் அங்கே தீர்ந்துவிட்டது என்று சொல். மூன்று பேரும் உன் பேச்சுக்குக் கட்டுப்படுவார்கள், என் பேச்சுக்கு மாட்டார்கள். நைனா கேட்டால், விலை பேசுவது ஜமுனாவே பேசட்டும் என்று போகிற போக்கில் நீ சொன்னது போல ஒரு வார்த்தை சொல்லிவிடு. அழுத்திச் சொல்ல வேண்டாம். போகிற போக்கில் சொன்னால் போதும். உனக்கு வேலை நல்லபடி நடக்கவும் நல்ல சாப்பாடு கிடைக்கவும் கங்கம்மாவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
தங்கை ஜமுனா

கடிதத்தை மடித்த பிறகு மனசு கேட்கவில்லை, பிரித்து எழுதுகிறேன். நைனாவும் சித்தப்பாவும் வலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து மாடிக்குப் போனேன். இதுவரை குணசுந்தரி அம்மாதான் கூப்பிடுவார், நானாகக் கூப்பிட்டதே இல்லை. இன்றைக்குக் கூப்பிட்டேன். ஜமுனா பேசுகிறேன், வயது பதினேழுதான், நேற்றைய விலைக்கு நாளைய நண்டு வராது என்று சொன்னேன். ஆண் நண்டு எவ்வளவு இருக்கும் என்று அவர் கேட்டார். நான் விலையைச் சொன்னேன்.