வெளியே எடுத்துப் படித்த வெப்பமானி

என் பெஞ்சுக்காரியே,

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புது வெப்பமானிகள் வந்தன. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுடுதண்ணீரில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தி வெப்பமானியைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "இன்னா டீச்சர் இது, பாத்துக்கினு இருக்கும்போதே எறங்குது" என்றாள். "டாக்டர் வெக்கறது ஏறின எடத்துலயே நிக்கும். இது லேப்ல வெக்கறது, வெளிய எடுத்தா எறங்கிடும். தண்ணிக்குள்ள இருக்கும்போதே படிக்கணும்" என்றேன், வருஷா வருஷம் சொல்வதுபோல. சொன்ன வாய் மூடவில்லை, நீ அன்றைக்கு நம் வகுப்பு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது ஞாபகம் வந்துவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை வருஷம் இதே பாடத்தை நடத்துகிறேன். ஒரு நாளாவது எனக்கு உறைத்ததா? மரமண்டை என்று நீ என்னைக் கூப்பிட்டது சரிதான்.

கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோகிறவள் நான். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி ஹாஸ்டலில் தங்கியவள் நீ. ஒன்பதாம் வகுப்பில் நம்மை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நம் அறிவியல் சார் நல்ல மனுஷர், பீரோவைப் பூட்டி வைக்காமல் எல்லாவற்றையும் நம் கையில் கொடுப்பார். முனை தேய்ந்த ஸ்கேல் என்றால் ஒன்றிலிருந்து அளந்து, கடைசியில் ஒன்றைக் கழிக்கச் சொன்னார். நான் கழிக்க மறந்துவிடுவேன். "மரமண்டை, மேசைய வளத்துட்டியேடி" என்பாய்.

அளவுசாடியில் தண்ணீர் ஊற்றினால் நடுவில் குழிந்து நிற்கும். அந்தக் குழியின் அடியில் கண்ணை வைத்துப் படிக்க வேண்டும். மண்டியிட்டு ஒரே பார்வையில் சொல்லிவிடுவாய். பின் பெஞ்சுக்காரி ஒருத்தி, "மலையில தானியத்த வள்ளத்துலதான அளப்பீங்க, இதெல்லாம் எப்படிடி தெரியுது?" என்று கிண்டல் செய்தாள். "எங்க வள்ளத்துல சாமைய குமிச்சுக் குடுப்போம். உங்க ஜாடியில குழிச்சுதான் குடுக்கறீங்க" என்றாய் நீ. சாரே சிரித்துவிட்டார்.

உன் அக்காவும் அதே ஹாஸ்டலில்தான் இருந்தாளாம். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். "காச்சல்னு அக்காவ வூட்டுக்கு அனுப்புனாங்க. காச்சல் எறங்கறதுக்குள்ள கல்யாணம் பேசிட்டாங்க. அப்புறம் எங்க வர்றது?" அந்த ஹாஸ்டலில் வழக்கம் அதுதான். உடம்பு சுட்டால் மாத்திரை கிடையாது, அப்பாவை வரச்சொல்லி மலைக்குப் பஸ் ஏற்றிவிடுவார்கள். "எனக்கு மட்டும் காச்சலே வரக்கூடாதுடி" என்றாய். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தது, சிரித்தேன்.

வந்தது. வெப்பமானிப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது உன் முழங்கை என்மேல் பட்டது, தோசைக்கல் போல இருந்தது. சாரும் உன் முகத்தைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, ஒடம்பு சுடுதா? அத அக்குள்ல வெச்சுப் பாரு. வெச்சபடியே படிச்சுச் சொல்லு" என்றார். வைத்தாய். சார் போர்டில் எழுதப் போனதும் வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பினாய். ஒரே பார்வையில் படிப்பவள், அன்றைக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாய், பார்த்துக்கொண்டே இருந்தாய். "தெரியலையாடி?" என்று நான்கூடக் கேட்டேன். அப்புறம் திரும்பி, "முப்பத்தேழு சார்" என்று நீட்டினாய். அவர் வாங்கிப் பார்த்தார், முப்பத்தேழுதான் இருந்தது. வகுப்பிலேயே சரியாக அளப்பவள் நீ, உன்னை ஏன் சந்தேகப்படப்போகிறார்? வெயிலில் வந்த சூடாயிருக்கும் என்று பாடத்தைத் தொடர்ந்தார்.

இறங்கட்டும் என்று காத்திருந்தாய். படித்த பாடத்தை வைத்தே பாடம் சொன்னவரை ஏமாற்றினாய்.

அடுத்த சில நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாய். வெயில் காலத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டவர்களிடம் சளி என்றாய். பிறகு ஒரு காலையில் பிரேயரில் விழுந்தாய். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்றார்களாம். மறுநாள் நீ இல்லை.

உன் அப்பா பள்ளிக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, லேப் வாசலில் நின்று, "காச்சல் இல்லன்னு சொன்னீங்களாமே சார்" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "நான் பாத்தேங்க, முப்பத்தேழுதாங்க இருந்துச்சு" என்று சார் அழுதார். அதன்பிறகு அவர் எங்கள் கையில் எந்தக் கருவியையும் கொடுக்கவில்லை. அந்த வருஷத்தோடு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறாரோ, உயிரோடுதான் இருக்கிறாரோ. அவர் தப்பில்லை என்று அவரிடம் யார் சொல்வது?

செத்துப்போனவள் என்பதற்காக உன்னைத் திட்டாமல் விடமாட்டேன். பாவி, என் காதிலாவது சொல்லியிருக்கலாமே. எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பேன், என் அம்மா கஷாயம் போட்டு ஆஸ்பத்திரிக்கும் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். திட்டிக்கொண்டே வந்தால் பாதியில் அழுகை வந்துவிடுகிறது. சரியான அளவைச் சொன்னால் மருந்து வரும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாய். பஸ்தான் வரும் என்று உனக்குத் தெரியும். படிக்க வேண்டும் என்று நினைத்தாய், அவ்வளவுதானே நீ செய்தது.

நேற்று என் வகுப்பில் மலையிலிருந்து வந்த ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தி பெஞ்சில் தலை சாய்த்திருந்தாள். பக்கத்தில் போனதும் சட்டென்று நிமிர்ந்து, "ஒண்ணுமில்ல டீச்சர், நல்லாத்தான் இருக்கறேன்" என்றாள். நான் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை. வெப்பமானிப் பெட்டி மேசைமேல்தான் இருந்தது, அதை எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உன்ன வூட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன். சரியானதும் இதே பெஞ்சுக்குத்தான் வருவ. உங்க அப்பாகிட்ட நான் பேசறேன், நான் பொறுப்பு."

உனக்கு யாரும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டு, கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளாகவே என் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். நெருப்பாகச் சுட்டது.