பூசை அலமாரியில் மருந்துக் குடுவை

வெள்ளிக்கிழமை, ஆவடி.

அந்தக் காலத்தில் வேட்டைக்காரர்கள் துப்பாக்கி மருந்து அடைத்துக்கொண்டு போன, இப்போது என்னிடமிருக்கும் கொம்புக் குடுவையை, மருமகள் பூசை அலமாரியில் விளக்கருகே வைத்துப் பொட்டிட்டிருந்தாள். சிப்பியில் இழைத்த மயில்களைப் பார்த்து முருகனுடையது என்று நினைத்தாளாம். பிடுங்கிக் குலுக்கினேன். கறுப்பு மருந்து உதிர்ந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று இத்தனை நாள் சாதித்தவன் நான்.

“இன்னா நைனா, குண்டு வெச்சிகினு கீறியா? தண்ணில முக்கு,” என்றான் மகன்.

“முக்குனா சிப்பியெல்லாம் பேந்துடும்டா. இந்த வேலப்பாட்ட இனிமே எவன் செய்வான்?”

“அது பெர்சா, ஊட்ல கீற மனுசன் பெர்சா?”

நான் தரவில்லை. குடுவை என் கட்டிலடியில் இருக்கிறது. தினமும் என்னோடு படுக்கும் பேத்தியை இன்று அவள் அம்மாவிடம் அனுப்பிவிட்டேன். அழுதுகொண்டே போனாள். கொசு பிடுங்குகிறது. கொசுவத்தி ஏற்றத்தான் கை வரவில்லை.