பின்தொடை பிடித்துக்கொண்டது

விளையாட்டு விடுதி, திருச்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் இருமல் குறைந்ததா? நான் நலமாக இருக்கிறேன்.

சனிக்கிழமைத் தொடர் ஓட்டத்துக்குப் பயிற்சி செய்யும்போது என் வலது பின்தொடை பிடித்துக்கொண்டது. பயப்பட வேண்டாம், தசை கிழியவில்லை. முன்தொடைத் தசை சுருங்கினால் முழங்கால் நீளும். பின்தொடைத் தசை சுருங்கினால் மடங்கும். ஒன்று இழுக்கும்போது மற்றது தளர வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துக்கொண்டே இருந்ததில் நேரமாகிவிட, உடலைச் சூடேற்றாமல் ஓடிவிட்டேன்.

"இவ்வளவு படிச்சியே, அதை உன் காலுக்கு யாருடி சொல்றது?" என்று அறைத்தோழி பெலிண்டா சிரித்தாள். சிரித்தபடியே ஐஸ் ஒத்தடமும் கொடுத்தாள். என் இடத்தில் அவள்தான் ஓடப்போகிறாள்.

வரும்போது என் பழைய போர்வையை எடுத்து வாருங்கள், முழங்காலுக்கு அடியில் மடித்து வைக்க. நீங்கள் ஏறும் லால்குடி பஸ் போட்டி நடக்கும் மைதானத்து வாசலிலேயே நிற்கும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நான் ஓடாவிட்டாலும் சனிக்கிழமை வாருங்கள், அம்மா.

உங்கள் மகள்,
ஜெனிட்டா