பாதி டீசல்

காரை மதிப்பிட வந்தவர் ஏசியைப் போட்டதும் மூக்கைச் சுருக்கினார். "என்ன சார், கிராம்பு வாசம் வருது?" என்று கேட்டுவிட்டுப் படிவத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்க நினைப்பவர்களின் வீடு தேடி வருவது அவருடைய வேலை. கீறலுக்கு, டயர் தேய்மானத்துக்கு, கிளட்சுக்கு என்று அந்தப் படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. வாசத்துக்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதினார்.

சிகரெட்டை விட்ட நாளிலிருந்து கிராம்பை வாயில் அடக்கியபடிதான் நீ இந்தக் காரில் வந்தாய். நீ கண்மூடி ஏழு மாதமாகிறது. அந்த வாசம் வண்டியின் விலையைக் குறைக்குமா என்று அவரிடம் கேட்க நினைத்தேன்.

காரை மாற்றுவதா, வேண்டாமா என்பதே இப்போது என்முன் உள்ள கேள்வி. வண்டிக்கு இது பன்னிரண்டாம் ஆண்டு. டீசல், சர்வீஸ், இன்சூரன்ஸ் என்று அதற்குப் போகும் தொகை சில மாதங்களாக என் வருமானத்துக்கு ஒவ்வாததாகிவிட்டது. எனவே முறைப்படி நான்கு பக்கக் குறிப்பு ஒன்றைத் தயாரித்தேன். பெட்ரோல் வண்டி, கேஸ் வண்டி, பேட்டரி வண்டி என ஒவ்வொன்றுக்கும் சாதகமும் பாதகமும் தனித்தனியே எழுதினேன். காலையில் இராஜபாளையத்தில் வண்டியை எடுக்கும்போது மாற்றிவிடலாம் என்று இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் படுவதற்குள் வேண்டாம் என்றாகிவிடும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அங்கே கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடிக்குப் போய் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வருவேன். பத்திரம் ஒன்றைப் படித்தால் முதல் வாசிப்பிலேயே குறையைக் கண்டுபிடிப்பவன் நான் என்று நீயே பலரிடம் சொல்லியிருக்கிறாய். இந்த நான்கு பக்கத்தில் ஏதோ குறை இருக்கிறது என்பது தெரிந்தது; எது என்பது தெரியவில்லை.

கார் என்னுடையது, ஓட்டியவனும் நான்தான் என்றாலும் முதல் வாரத்திலேயே நீ டீசலில் பாதியைக் கொடுத்தாய். அரை மணி நேரப் பயணத்துக்கு நண்பனிடம் பணம் வாங்குவது முறையல்ல என்று நான் மறுத்தேன். அன்று நீ சொன்னதை இப்போதும் சொல் பிசகாமல் என்னால் சொல்ல முடியும். "ஓசியில வந்தா ஒன்ன எதுத்துப் பேச எனக்கு வாய் வராது வக்கீலே. பாதிய வாங்கிக்க. கோர்ட்டுல நான் கூசாமப் பேசணும்ல." அதன்பின் டீசலில் மட்டுமல்ல, சர்வீஸிலும், மதுரை ஹைகோர்ட்டு பெஞ்சுக்குப் போய்வரும் செலவிலும் பாதி உன்னுடையதாயிற்று. அதை நான் வாங்கிக்கொண்டேன். பிறகு அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

நாம் எதிரெதிராக ஆஜராகும் நாட்களில் நீ பின் இருக்கையில்தான் உட்காருவாய். முன்னால் உட்கார்ந்தால் நம் இருவருக்கும் வாய் சும்மா இருக்காது என்பது உன் வாதம். அந்த நாட்களில் மழையைப் பற்றி மட்டும் பேசுவோம். பெட்ரோல் பங்கில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் என்னை உன் டிரைவர் என்று எண்ணி, "ஐயாகிட்ட எவ்வளவுக்குன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றார். நீ அவரைத் திருத்தவில்லை. கண்ணாடியை இறக்கி, டேங்க்கை நிரப்பச் சொன்னாய்.

அதே நாட்களில் கோர்ட்டுக்குச் சற்று முன்னாலிருக்கும் டீக்கடையருகே நீ இறங்கிக்கொள்வது வழக்கம். கட்சிக்காரர்கள் பார்த்தால் தப்பாக நினைப்பார்கள் என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். கூமாப்பட்டித் தோட்டத்துப் பாதை வழக்கு நடந்தபோது உன் கட்சிக்காரரே அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தார். எதிர்த் தரப்பு வக்கீலின் காரிலிருந்து நீ இறங்குவதைப் பார்த்தவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். ரெண்டு வக்கீலும் ஒரே கார்ல வந்தா எங்க கேசு என்னத்துக்கு ஆகும் என்று கேட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் தகுந்த விளக்கம் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். நீ யோசிக்கவில்லை.

"ஏலே, நீயும் ஒன் எதிராளியும் கூமாப்பட்டியில இருந்து ஒரே பஸ்ஸுலதான வாரீக? ஒனக்கு டிக்கெட் எடுத்தது யாருன்னு நான் கேட்டனா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி டம்ளரிடம் போனார். அன்று டிக்கெட் எடுத்தது எதிராளிதான் என்பது பிறகு தெரியவந்தது. அந்த வழக்கில் நீ வென்றாய். தீர்ப்பு வந்த மாலை முன் இருக்கையில் வந்து உட்கார்ந்து, என் குறுக்கு விசாரணையில் எந்த இடத்தில் சறுக்கினேன் என்பதை வீடு வரும்வரை விளக்கிக்கொண்டே வந்தாய். பாதி டீசலையும் மறக்காமல் கொடுத்தாய்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அந்த நான்கு பக்கக் குறிப்பைப் படித்தாள். கணக்கு வாத்தியாரின் மகள் அவள். கூட்டல்களைச் சரிபார்ப்பாள் என்று எண்ணிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, போன வருசம் டீசலுக்கு எம்புட்டு ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன். அது நாம குடுத்ததா, மொத்தமா ஆனதா என்று கேட்டாள்.

"ஏங்க, வண்டி முன்னக் குடிச்ச அளவுதான் இப்பவும் குடிக்குது. அவிய பாதி குடுத்தாக. இப்ப அந்தப் பாதியும் நம்ம தலையில விழுது. இதுக்கு வண்டி என்ன பண்ணும்?"

என் குறிப்பில் சென்ற ஆண்டுச் செலவு என்று நான் எழுதியிருந்தது என் பங்கு மட்டும். இந்த ஆண்டுச் செலவு என்று எழுதியிருந்தது முழுத்தொகை. இரண்டையும் அருகருகே வைத்து, வண்டிக்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்பெழுதியிருக்கிறேன். எதிர்த் தரப்பு இப்படியொரு மனுவைத் தாக்கல் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கிழித்திருப்பேன். மெக்கானிக்கும் எஞ்சினில் ஒன்றுமில்லை என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நான் நம்பவில்லை. நான் ஓட்டும் தூரத்துக்குப் புது வண்டியின் தவணையை எந்த எரிபொருளாலும் மிச்சம்பிடிக்க முடியாது என்பதும் என் குறிப்பின் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. எழுதியவன் நான்தான், படிக்கவில்லை.

குறை தெரிந்த பிறகாவது அமைதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. செலவைக் குறைக்கக் காரை மாற்ற வேண்டியதில்லை, உன் இடத்தில் ஒருவரை உட்காரவைத்தால் போதும் என்றாகிவிட்டதே. அதைவிடக் காரை விற்பது எளிதாகத் தெரிந்தது.

ஆள் இல்லாமலும் இல்லை. நம் ஊர்ப் பஞ்சு மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் வழக்கறிஞர் ஒருவர், நம் வயதுக்காரர், மூட்டு வலியோடு தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு கோர்ட்டுக்கு வருகிறார். போனில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். டீசலில் பங்கு கொடுத்து உடன் வரலாமா என்று இரண்டு முறை என்னிடம் கேட்டார். ஒரு வழக்கில் அவர் எனக்கு எதிராக ஆஜராகிறார். ஆகையால் சேர்ந்து பயணம் செய்வது முறையாகாது என்று இரண்டு முறையும் சொன்னேன். பதினோரு ஆண்டு உன்னோடு ஒரே காரில் வந்தவன் இதைச் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டு, நீங்க சொல்றது சரிதான் சார் என்று பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். பொய்யான காரணத்தை எதிராளி மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும்போது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்பதை அன்று அறிந்தேன்.

மதிப்பீட்டாளர் சொன்ன விலை புதன்கிழமை வரைதான் செல்லும் என்றிருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை அவரை அழைத்து வேண்டாம் என்றேன். உடனே அந்த வழக்கறிஞரை அழைத்தேன். எங்கே ஒத்திப்போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் நின்றுகொண்டே பேசினேன்.

அவர் நேற்று முதன்முறையாக வந்தார். இருக்கையை முன்னால் நகர்த்திக்கொண்டார், உன்னைவிடக் குள்ளம். வழி முழுக்க ஏதோ ஒரு ஜாமீன் விஷயமாகப் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார். இறங்கும்போது பாதிப் பணத்தை எண்ணி நீட்டினார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த வாரம் எனக்கு எதிராக அவர் எப்படிக் கூசாமல் பேசுவார்?

மாலையில் என் வழக்குகள் நான்கு மணிக்கே முடிந்தன. அவர் வேறொரு கோர்ட்டில் சாட்சியை விசாரித்துக்கொண்டிருந்தார். ஏழு மாதமாக வேலை முடிந்த நிமிடமே வண்டியை எடுத்துப் பழகியவனுக்கு வேப்பமரத்தடியில் நிற்பது பொறுக்கவில்லை. சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். மணி ஐந்தாயிற்று, ஐந்தரையாயிற்று. எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது.

உன்னிடம் நான் ஒருமுறையும் பேச்செடுக்காத அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அன்றும் உன் சாட்சி கூண்டில் நின்றிருந்தார். இன்னும் பத்து நிமிஷம் என்று உன் குமாஸ்தாவிடம் சொல்லி அனுப்பினாய். உன் பத்து நிமிடத்தின் நீளம் எனக்குத் தெரியும் என்று அவரிடமே சொல்லிவிட்டு, வீட்டில் எந்த அவசரமும் இல்லாத நான், உன்னை விட்டுவிட்டுக் கிளம்பினேன். நீ பஸ்ஸில் வந்தாய். மறுநாள் போன் செய்து, "சன்னலோர சீட்டு கிடைச்சிச்சு வக்கீலே, காத்து நல்லா வந்துச்சு" என்றாய். நான் வேறு பேச்சுக்கு மாறினேன். ஞாயிறு மதியம் உன் வீட்டிலிருந்து போன் வந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை, உன் இருதயம் பஸ்ஸைக் கேட்டு நிற்கவில்லை என்று மருத்துவரே சொன்னார். அந்தச் சாட்சியத்தை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஆறு மணிக்கு அந்த வழக்கறிஞர் வழக்குக் கட்டுகளை அணைத்தபடி நொண்டி நொண்டி வந்தார். "நீங்க அப்பவே கெளம்பியிருப்பீகன்னு நெனச்சேன் சார்" என்றார்.

இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் காலைத் தூக்கி வைத்து, கட்டுகளை மடியில் அடுக்கி, கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்து வண்டியை எடுத்தேன். நேற்று இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். அதில் எதையும் அன்று நீ கேட்ட பத்து நிமிடத்துக்கு ஈடாக வைக்க முடியவில்லை. உனக்குத் தர வேண்டிய அந்தப் பத்து நிமிடம் இன்னும் என்னிடமே இருக்கிறது.