பெட்ரோல் மூடியில் வைத்த பொட்டு

மிஸ்ஸி,

உங்கள் நாலு சக்கர வண்டியின் இஞ்சினில் கோளாறு எதுவும் இருக்கவில்லை. நேற்றுக் காலை இதைத் தொலைபேசியில் சொன்னவர் பசறை மெக்கானிக்; ஊரில் எல்லோருக்கும் அவர் 'நானா'. உங்கள் வண்டியைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதியதை வாசித்திருந்தவர். மத்தியானம் நானே போய்ப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

நீங்கள் காலமான பிறகு தேயிலைத் தோட்டத்து நிர்வாகம் உங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தது. கொட்டிலில் மூன்று வருடமாகப் பூட்டிக்கிடந்த வண்டியைப் பழைய இரும்பென்று நானாவிடம் தள்ளிவிட்டார்கள். அவர் கார்பரேட்டரைக் கழுவி, பேட்டரி மாற்றி, டாங்கை நிரப்பி ஓட்டிப் பார்த்திருக்கிறார். கால் மணி நேரம் ஓடி நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திருகியபோது 'உஸ்' என்று காற்று உள்ளே போனதாம். அதன்பின் ஒரே அமுக்கில் ஸ்டார்ட். மறுபடி கால் மணி நேரம், மறுபடி நின்றது.

"மூடி நடுவுல ஊசிக்கண்ணு மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். பெட்ரோல் எறங்க எறங்க அது வழியாத்தான் காத்து உள்ள போகணும். அது அடைச்சா பெட்ரோல் எறங்காது. டாங்க் நெறைய இருந்தா இன்னும் சீக்கிரமா நிக்கும்" என்றார் நானா. பிறகு துளையிலிருந்து குண்டூசியால் கிண்டி எடுத்ததை ஒரு கடதாசியில் கொட்டி என் மூக்கருகே நீட்டினார். சந்தனம். காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது. வாசனை இன்னும் மிச்சமிருந்தது.

நான் அங்கே இருந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் வண்டி தோட்டத்துக்கு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தோட்டத்தின் மேல் பிரிவுக்கு நடந்து போய் வர உங்களுக்கு அரை நாள் ஆனது. ஜீப் வாங்க வசதியில்லை. தோட்டம் தரவும் இல்லை. கொழும்பில் ஒரு கடையில் இறக்குமதியான அந்த வண்டியை உங்கள் சேமிப்பில் வாங்கி லொறியில் ஏற்றி வந்தீர்கள். கொழுத்த நாலு டயர், மோட்டார் சைக்கிள் கைபிடி, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. மலிவு வண்டிதான். முதல் மாதமே செயின் கழன்றது. பிறகு பேட்டரி செத்தது. பிரேக் வயர் அறுந்து நீங்கள் தேயிலைக்குள் இறங்கிய அன்று, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடினார்கள்.

"மிஸ்ஸி, ட்ராக்டரு போட்ட குட்டியா இது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓம், இன்னும் பால்குடி மறக்கேல்லை. அதுதான் அடம்பிடிக்குது" என்றீர்கள்.

வெள்ளைச் சீருடைக்கு மேல் மழைக்கோட்டும், காலில் ரப்பர் பூட்ஸுமாக யாழ்ப்பாணத்து மருத்துவிச்சி ஒருத்தி அந்த வண்டியில் மலை ஏறுவதைப் பார்க்க, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். ஆனால் வண்டி ஏறியது. நீங்கள் போக முடியாத லயம் என்று ஒன்றும் இல்லாமல் போனது.

ஆயுத பூசைக்கு, பத்திரிகைக்காக உங்களைப் படமெடுக்க வந்திருந்தேன். தொழிற்சாலை முற்றத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள், ட்ராக்டர், தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார் மேல் பிரிவுத் தங்கராஜ். உங்கள் வண்டிக்கு முன்னால் வந்ததும் கையில் சந்தனத்தோடு தயங்கி நின்றார்.

"ட்ராக்டருக்கு நெத்தி இருக்கு. இதுக்கு நெத்தி எதுங்க மிஸ்ஸி?"

நீங்கள் வேதக்காரர், பொட்டு வைக்காத கிறிஸ்தவர். ஆனாலும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இரண்டு கைபிடிகளுக்கும் நடுவில் உருண்டையாக இருந்த டாங்க் மூடியைத் தொட்டுக் காட்டினீர்கள். "இஞ்ச வையுங்கோ. நல்லாத் தெரியும்."

"கொஞ்சம் அழுத்தி வைங்க, படத்துல விழணும்" என்று சொன்னது நான்.

தங்கராஜ் கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். அவர் மனைவி புஷ்பத்துக்கு அப்போது எட்டாம் மாதம்.

மழை தொடங்கியது. மேல் பிரிவுக்குப் போகும் பாதையில் மண் சரிந்து, லொறியும் ட்ராக்டரும் ஏற முடியாமல் போயின. அதைப் பற்றி எழுத நான் மேலே நடந்து போயிருந்த அன்றுதான் புஷ்பத்துக்கு வலி கண்டது. நீங்கள் வழக்கம்போல் அடிமட்டத்தில் இருந்த டாங்கோடு, ஒரு கலன் பெட்ரோலையும் கட்டிக்கொண்டு, சரிவின் ஓரமாக ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கத் தொங்க ஏறி வந்தீர்கள். லயத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது உங்கள் முகத்தில் வழக்கமான பகிடி இல்லை.

"பிள்ளை குறுக்கால கிடக்குது. இஞ்ச வைச்சு ஒண்டும் செய்யேலாது. பதுளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேணும், இப்பவே."

கம்பளியில் கட்டித் தூக்கிப்போக ஆறு பேர் தயாராக நின்றார்கள். தொழிற்சாலையடிக்குத் தூக்கிப்போக இரண்டு மணி நேரம். அங்கே வேன் நிற்கும். வண்டியில் போனால் நாற்பது நிமிடம் என்றீர்கள். கணக்குச் சரிதான். கலனில் இருந்ததை ஊற்றி டாங்கை நிரப்பினீர்கள். புஷ்பத்தைப் பின்னால் உட்காரவைத்து, ஒரு சேலையால் உங்கள் முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். முதல் கியரில் நீங்கள் இறங்க, தங்கராஜும் நானும் அந்த ஆறு பேரும் பின்னால் ஓடினோம்.

இரண்டாவது வளைவில் வண்டி நின்றது.

நீங்கள் பொத்தானை அமுக்கினீர்கள். இழுகயிற்றை இழுத்தீர்கள். இறங்க முடியாது, முதுகில் புஷ்பம். தங்கராஜ் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். மழையில் கை வழுக்கியது.

"தூக்கிட்டுப் போயிரலாங்க மிஸ்ஸி" என்றார் கூட வந்தவர்களில் பெரியவர்.

"பொறுங்கோ, வெளிக்கிட்டிடும்."

"எப்பங்க?"

கடைசியில் பெட்ரோல் ஒழுகிவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்து மூடினீர்கள். வண்டி புறப்பட்டது. இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. கோயிலடியில் மறுபடி நின்றது. மறுபடி பிளக், மறுபடி இழுகயிறு, எல்லாவற்றுக்கும் பிறகு மூடி. மூன்றாம் முறை, ஓடை மேலாகவே பாயும் தாழ்ந்த சப்பாத்துப் பாலத்தின் மேல், சக்கரத்தைத் தண்ணீர் தொடும்போது. புஷ்பம் அப்போது கத்துவதை நிறுத்தியிருந்தார். உங்கள் தோளில் தலை சாய்ந்திருந்தது. தங்கராஜ் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "இந்தா வந்துருச்சு புள்ள, இந்தா வந்துருச்சு" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் ஒரு கையால் புஷ்பத்தின் மணிக்கட்டைப் பிடித்தபடி மறு கையால் இழுகயிற்றை இழுத்தீர்கள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்ததை நான்தான் பார்த்தேன்.

தொழிற்சாலையடிக்கு வந்தபோது இரண்டு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. தூக்கி வந்திருந்தால் அதற்குப் பத்து நிமிடம் முன்பே வந்திருப்போம். புஷ்பம் பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. முன்பே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அதை யாராலும் சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

நான் எழுதியது வேறு. 'மலிவு இறக்குமதி வண்டியால் பறிபோன சிசு' என்பது நான் கொடுத்த தலைப்பு. ஒரு வாரத்தில் நிர்வாகம் வண்டியைத் தடைசெய்து கொட்டிலில் பூட்டியது. மண்ணை அள்ளிப் பாதையைச் சீராக்காமல் ஒரு மாதம் இருந்தவர்கள் இதில் மட்டும் வேகம் காட்டினார்கள். லயங்களில் பேச்சும் மாறியது. காசு மிச்சம் பிடிக்கப் போய் பிள்ளையைக் கொன்ற மிஸ்ஸி என்றார்கள். நீங்கள் மறுபடி நடக்கத் தொடங்கினீர்கள். சில வீடுகளில் உங்களுக்குக் கதவு திறக்கவில்லை.

அந்தக் கட்டுரையைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினீர்கள். பதுளை பஸ் நிலையத்தில், பசறை பஸ் புறப்படும் நேரத்தில். "நீங்கள் எழுதினது பொய் எண்டு நான் சொல்லேல்லை, ரிப்போட்டர். வண்டி நிண்டதுதானே. ஆனா 'மலிவு' எண்ட சொல்லு அதிலை தேவையோ?" கேட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

நேற்று இரவு அந்த நாளின் குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தில் இருக்கிறது: 'மூடியைத் திறந்தார். உஸ் என்ற சத்தம். மூடினார். ஸ்டார்ட்.' மூன்று முறையும் நேரத்தோடு எழுதியிருக்கிறேன். தங்கராஜின் கையில் பிளக் இருந்தது. உங்கள் கையில் கயிறு இருந்தது, முதுகில் ஒரு உயிர் இருந்தது. என் கையில் இருந்தது பேனா மட்டும். மூன்று முறை பார்த்ததை ஒரு முறை வாசித்திருந்தால் போதும். 'மலிவு' என்ற சொல் கைக்கு வந்ததும் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். பஸ் நிலையத்தில் நீங்கள் கேட்டதிலிருந்து, ஒரு சொல் சட்டென்று வந்து நன்றாகப் பொருந்தினால், அதை அடித்துவிட்டுக் குறிப்பை முதலிலிருந்து படிக்கிறேன். உங்களுக்கு அது எந்த வகையிலும் உதவவில்லை.

இன்று காலை பத்திரிகை ஆசிரியரிடம் திருத்தம் போடக் கேட்டேன். போடலாம், ஆனால் காரணம் இல்லாமல் போட முடியாது என்றார். "வண்டியில பிழையில்ல, மிஸ்ஸியில பிழையில்லன்னா, வாசகன் வேற யாருன்னு கேப்பான். என்ன அடைச்சதுன்னு எழுதணும்." நியாயமான பேச்சு. அதை எழுதினால் உங்கள் பெயர் துலங்கும். அதே நாளில் மேல் பிரிவில் ஒரு தகப்பன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எழுதாமல் விட்டால் நீங்கள் பிள்ளையைக் கொன்றவராகவே பசறை மண்ணில் கிடப்பீர்கள். நீங்கள் காட்டினீர்கள், நான் அழுத்தச் சொன்னேன், அவர் வைத்தார். மூவரில் இருவர்தான் மிச்சம்.

தங்கராஜுக்குத் தெரியாமல் இதை அச்சில் போடமாட்டேன். தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டு அவரைக் கூப்பிட்டேன். அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன்.

"மிஸ்ஸி மேல தப்பில்லன்னு எதுவும் கெடச்சிருக்காங்க?" என்று கேட்டார். "புஷ்பம் அன்னைக்கிருந்து அதத்தான் சொல்லிக்கிட்டு கெடக்கு. கைல ரத்தத்தோட இழுத்தாங்களேன்னு. நான்தாங்க நம்பல. ஏசிப்புட்டேன் அவங்கள, கதவுக்கு வெளிய நிக்க வச்சு."

"நேர்ல சொல்றேன், வாங்க" என்றேன்.

இருவரும் வியாழக்கிழமை காலை பத்தரை பஸ்ஸில் பதுளைக்கு வருகிறார்கள். திருத்தத்தின் முதல் வரியை எழுதிவிட்டேன்: 'இந்த நிருபர் எழுதியது தவறு.' இரண்டாவது வரி அவர்களிடம் சொன்ன பிறகுதான், அவர்கள் சம்மதித்தால்தான். ஞாயிறு இதழின் பக்கம் வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மூடி அச்சுக்குப் போகும். அதுவரை ஆறு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.