ஜும்மா நேரத்துக் காபி

1986 ஜூலை 14, திங்கள்

விடாத மழை. சந்தில் கணுக்கால் தண்ணீர். குழாயில் வந்ததும் கலங்கல்தான். வடிகட்டி வைத்தேன்.

காலையில் மிசின் காபி. மோசம். கஞ்சி வாடை, அதற்குப் பின்னால் ஒரு புளிப்பு.

இவர் டம்ளரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிட்டி இருக்கு?"

"கஞ்சி வாட அடிக்குங்க."

"நல்லா குடிச்சிப் பாத்துச் சொல்லு."

நல்லா குடித்துப் பார்த்தேன். நல்ல கஞ்சி. பாதியைச் சாக்கடையில் ஊற்றினேன்.

இவருக்கு மூக்கு போய்விட்டது, வாசனையே தெரியாது. துபாயில் கப்பல் தொட்டிக்குள் இறங்கிப் பெயின்ட் அடிக்கிற வேலை. அந்த நெடியில் மூக்கோடு நாக்கும் போயிற்று. மீன் குழம்பு, ரசம், மருந்து எல்லாம் ஒன்றுதான். சித்திரையில் கம்பெனியை மூடி எல்லாரையும் அனுப்பிவிட்டான். கொண்டுவந்தது ஒரு கம்பளி, ஒரு டார்ச் லைட், இந்தக் காபி மிசின். பின்பக்கம் தண்ணீர், மேலே தூள், கீழே கண்ணாடி ஜாடி. சுவிட்சைப் போட்டால் தானே கொதித்துச் சொட்டும்.

மிசினோடு வந்த வடிதாள் தீர்ந்துவிட்டது. அதனால் பக்கத்துத் தையல் கூடத்து மைமூன் அக்காவிடம் லைனிங் துணி வாங்கி வட்டமாக வெட்டிப் போட்டிருக்கிறார். புதுத்துணியில் கஞ்சி இருக்காதா? யோசிக்கவில்லை. நானும்தான். போட்ட துணியை அக்காவின் ஆடு தின்றுவிட்டது, தூளோடு. இந்த வீட்டுக் காபியை ருசித்தது அது ஒன்றுதான்.

காபி சரியாக வந்தால் வாசலில் பலகை போட்டு வியாபாரம். இதுதான் இவர் திட்டம். தையல்காரர்கள் எல்லாரும் நம்மிடம்தான் குடிப்பார்களாம். துபாய் போகுமுன் காஜா பாயின் தோல் பை பட்டறையில் இருந்தார். நேற்று பாய் வந்து கூப்பிட்டார்.

"சுடல, ஒன் எடம் காலியாத்தான் கெடக்கு. வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சி வாரேன். அன்னைக்கி சொல்லிப்புடு. இல்லன்னா வேற ஆள உக்கார வச்சிருவேன். கோவிச்சிக்கிடப்படாது. சோச் லே, நல்லா யோசி."

பாய் போனபிறகு இவர் சொன்னது: "திரும்பியும் தோலு அறுக்கப் போவமாட்டேன். செத்தாலும்."

வந்ததிலிருந்து வேலை இல்லை. மளிகைக்காரர் என்னைப் பார்த்தால் இப்போது கணக்கை எடுப்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஜூலை 15, செவ்வாய்

மழை. பாய் நனைந்துவிட்டது. (பாய் என்றால் கோரைப்பாய்.)

ஆடு தின்றதுபோக மிச்சத் துணியைச் சோடா உப்புப் போட்டு வேகவைத்தேன். கஞ்சி போயிற்று. புளிப்பு போகவில்லை. அரை டம்ளருக்குமேல் இறங்கவில்லை.

"உள்ள கொழாய்ல அழுக்கு ஏறியிருக்கும்ட்டி. பித்தளக் கொழாதானே. நீ குத்துவிளக்க எத வச்சித் தேய்ப்ப?"

"புளி."

சொல்லியிருக்கக் கூடாது. நான் அடுத்த சந்துக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஒரு உருண்டை புளியைக் கரைத்து மிசினுக்குள் ஊற்றிச் சுவிட்சைப் போட்டுவிட்டார். திரும்பி வந்தால் வீடெல்லாம் ரச வாசனை. ஜாடியில் பழுப்பாகச் சொட்டுகிறது. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் தெரியாமல்.

தட்டிக்கு அந்தப் பக்கம் மைமூன் அக்கா: "என்ன சொர்ணம், கொத்தமல்லி கிள்ளிப் போட்டியா? எங்களுக்கும் ஒரு கரண்டி ஊத்து!"

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அப்புறம் நாளெல்லாம் மிசினைக் கழுவிக்கொண்டிருந்தார்.

புளிப்பை எடுக்கப் புளி. எழுதும்போது சிரிப்பு வருகிறது. வேறு என்ன செய்ய.

ஜூலை 16, புதன்

காலையில் தூறல்.

மாட்டுங்கா போனேன். மாமி வீட்டுக்கு. இவர் துபாயில் இருந்தபோது அங்கேதான் பாத்திரம் தேய்த்தேன். அதற்கு முன் எனக்குக் கருப்பட்டிக் காபிதான் தெரியும். அந்த வீட்டில் தினமும் மிச்ச டிகாஷனில் எனக்கும் ஒரு டம்ளர். நாக்கு கெட்டுப்போனது அங்கேதான். இல்லாவிட்டால் மிசின் காபியை நல்லா இருக்கு என்று சொல்லித் தொலைத்திருப்பேன், இத்தனை பாடு இல்லை.

எழுத்துப் படித்ததும் அந்தக் காலத்தில்தான். மாமி பெண் சொல்லிக்கொடுத்தாள். இவருக்குக் கடிதம் எழுத. பக்கத்து வீட்டில் போய் நம் சங்கதியைச் சொல்லி எழுதச்சொல்ல வெட்கமாக இருக்கும். இப்போது இவர் இங்கேயே இருக்கிறார், எழுத்துக்கு வேலை இல்லை. அதனால் இந்த டைரி.

எங்கே விட்டேன்? மாமி. சொன்னதை எல்லாம் கேட்டாள். புளிக் கதைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பொடி என்னடி பண்ணும் பாவம்! ஜலம் தளதளன்னு கொதிச்சிருக்கணும். ஆறின வெந்நீரை விட்டா சாரம் இறங்காது. புளிக்கத்தான் புளிக்கும்."

அப்புறம் கேட்டாள்: "ஆத்துக்காரர் வேலைக்குப் போறாரோ?"

"போறாருங்க மாமி."

ஏன் அப்படிச் சொன்னேன், தெரியவில்லை.

கொஞ்சம் புதுத்தூள் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மழைக்குப் பயந்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ்ஸெல்லாம் மணம். முன்சீட்டு மராத்திக்காரி இரண்டுமுறை திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் இவர் பொட்டலத்தை மூக்கில் வைத்து வெகுநேரம் இழுத்தார். பிறகு மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றார்.

ஜூலை 17, வியாழன்

மழை விட்டு விட்டு. அரிசி வாங்க வேண்டும். மண்ணெண்ணெய் தீரப்போகிறது. செருப்பு வார் அறுந்தது.

மிசினில் சொட்டுகிற தண்ணீருக்கு அடியில் விரலை நீட்டினேன். சுடவில்லை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம். மாமி சொன்னதுதான் சரி.

ஏன் கொதிக்கவில்லை? இவரே கண்டுபிடித்தார். மேலே கைகாட்டினார். பல்ப் பழுத்த இலை நிறத்தில் எரிகிறது. நம் வீட்டுக் கரண்ட் மைமூன் அக்கா கூடத்திலிருந்து ஒரு வயரில் வருகிறது. அங்கே வரிசையாக இஸ்திரிப் பெட்டிகள். எக்ஸ்போர்ட் ஆர்டர், ராப்பகலாக ஓடுகிறது. கரண்டை எல்லாம் அது குடித்துவிட்டு மிச்சம்தான் நமக்கு.

முகம் தெளிந்து எழுந்து போனார். நானும் பின்னால்.

"அக்கா, காலைல செத்த நேரம் இஸ்திரிய நிப்பாட்டினா..."

"எதுக்குப்பா?"

"காபிக்கி."

அக்கா பொத்தான் தைக்கிற ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "தம்பி, ஷிப்மென்ட்டு நிக்கிது. ஒன் காபிக்காக நான் இஸ்திரிய நிப்பாட்டவா? தமாஷ் பண்ணாத." அப்புறம் என்னிடம் மெல்ல: "காஜா பாய் கூப்பிட்டாராமே? போகச் சொல்லு புள்ள."

தனி மீட்டர் கேட்டால் கரண்ட் ஆபீஸில் வீட்டுப் பத்திரம் கேட்பான். நம்மிடம் ஏது.

"அடுப்புல கொதிக்க வச்சி மிசினுக்குள்ள ஊத்துவோமே," என்றேன்.

"அப்ப மிசின் எதுக்குட்டி?"

"பித்தள பில்டர்லயாவது போட்டு விப்போம்."

"அத ஊர்ல எல்லாவளும் போடுதா. அதுக்கா நான் கடல் தாண்டிப் போய் மூக்க குடுத்திட்டு வந்தேன்?"

சோறு தின்னவில்லை இவர். நானும் தின்னவில்லை. ஆடு தின்றது.

ஜூலை 18, வெள்ளி

காலையில் வெயில் மாதிரி ஏதோ ஒன்று. துணி காயவில்லை.

மத்தியானம் கூடத்தில் எல்லாம் நின்றது. தையல் மிசின், இஸ்திரி, ரேடியோ. ஆட்கள் கைகால் கழுவித் தொப்பி போட்டுக்கொண்டு ஜும்மாவுக்குப் போனார்கள். இந்தச் சந்து இத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பல்ப் குப்பென்று வெளுத்தது. சுவரில் இருக்கிற ஒட்டடை எல்லாம் தெரிந்தது, வெட்கமாக இருந்தது.

இவர் முன்பே தூளைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சுவிட்சில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இந்த நேரத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்.

மிசின் சீறியது. இதுவரை சீறியதே இல்லை. ஆவி மேலே போயிற்று. ஜாடியில் கருகருவென்று இறங்கியது. பாலைச் சேர்த்து ஆற்றினேன். குடித்தேன்.

என்னவென்று எழுத. மாமி வீட்டு முதல் டிகாஷன். நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு, அது நகராமல் நிற்கிறது, அடியில் இனிப்பு.

இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் டம்ளருக்குள் பார்த்தேன்.

தொழுகை முடிந்தால் எல்லாரும் திரும்புவார்கள், இஸ்திரியைப் போடுவார்கள், பல்ப் மஞ்சளாகும். இப்படி ஒரு மத்தியானம் வாரத்துக்கு ஒன்று. வாங்கிக் குடிக்க வேண்டியவர்கள் எல்லாரும் அப்போது பள்ளிவாசலில். நல்லா இருக்கு என்று சொன்னால் இவர் அடுத்த வெள்ளிவரை இதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். அதற்கடுத்த வெள்ளியும்.

"எப்படிட்டி?"

"புளிக்குங்க."

"இன்னுமா?"

"இன்னும்."

சுவிட்சை அணைத்தார். ஜாடியைக் கழுவினார். லுங்கி நுனியால் துடைத்தார். காஜா பாய் தலையில் தொப்பியோடு வந்து வாசலில் நின்றார். பாய் வாயைத் திறக்குமுன் இவரே, "சட்டையப் போட்டுட்டு வாரேன் பாய்," என்றார்.

போய்விட்டார்கள்.

விளக்கு வைத்தபிறகு வந்தார். மேலெல்லாம் தோல் வாடை. எனக்கு அடிக்கிறது, அவருக்கு இல்லை. அது ஒன்றுதான் நல்லது. கைகால் கழுவி வந்து சோற்றுக்கு உட்கார்ந்தார். குழம்பு ஊற்றும்போது சொன்னார்:

"தெனமும் பாதி டம்ளர கீழ ஊத்துவ. இன்னைக்கி அடிவரைக்கும் குடிச்சிருந்த."

கரண்டி என் கையிலேயே நின்றது.

"பாத்துட்டுத்தான் சட்டையப் போட்டேன்," என்றார்.

சோற்றில் கைவைத்துக்கொண்டு: "எப்படி இருந்திச்சி? சொல்லேன்."

சொன்னேன். முதல் வாயிலிருந்து கடைசி வாய்வரை. மணம், சூடு, அந்தக் கசப்பு நின்ற இடம், எல்லாம். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். சாப்பிடவில்லை, பிசைந்துகொண்டே இருந்தார். நான் நிறுத்தினால், "ம், அப்புறம்?" என்றார்.

மிசினைக் கம்பளியில் சுற்றிப் பரணில் ஏற்றியாயிற்று. பக்கத்தில் இஸ்திரி ஓடுகிறது. விளக்கு மங்கல். எழுதுவது கண்ணுக்குத் தெரிய...